ஆன்லைனில் வாங்கிய பிரேக் பேடை மெக்கானிக் மாட்ட மறுக்கிறார். அசலா போலியா, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரோட்டு மஞ்சள் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். என்னுடையது 2014இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார், 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். பேட், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக், கூலி எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரவு முழுக்க ஆன்லைனில் தேடினேன். அதே பாகங்கள், அதே பார்ட் நம்பர், கார் நிறுவனத்தின் பெட்டியிலேயே மொத்தம் 2,180 ரூபாய். பேட் மட்டும் 1,040. பெட்டியில் அச்சிட்ட விலை 1,920.

நான்கு நாளில் பார்சல் வந்தது. எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஃபில்டர்களையும் பிளக்குகளையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்தார். பேட் பெட்டியைத் திறந்தார், ஒன்றை எடுத்துப் புரட்டினார், மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை நான் மாட்ட மாட்டேன், வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்றார். ஏன் என்று கேட்டால், "கையில் எடுத்தாலே தெரிகிறதே" என்கிறார். நானும் கையில் எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஹாலோகிராம் மின்னுகிறது. எழுத்துப்பிழை இல்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பச்சை டிக்குடன் "இது அசல் தயாரிப்பு" என்று பக்கம் திறக்கிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது? மெக்கானிக்கை நம்புவதா, பெட்டியை நம்புவதா?

நான்காவது கியர் | ஞாயிறு, இரவு 10.05

மெக்கானிக் மறுத்ததற்குக் காரணம் பேடில் இல்லை நண்பரே, கமிஷனில் இருக்கிறது. பாகத்தை நீங்களே வாங்கிக் கொண்டுபோனால் வழக்கமான கடையில் அவருக்கு வரவேண்டிய பங்கு போய்விடும். ஃபில்டரை வாங்கி வைத்துக்கொண்டவர் பேடை மட்டும் மறுத்தாரே, ஏன்? ஃபில்டரில் பங்கு சில்லறை, பேடில் பங்கு நோட்டு. நான் ஐந்து ஆண்டுகளாக எல்லாவற்றையும் ஆன்லைனில்தான் வாங்குகிறேன். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. ஹாலோகிராம், கியூஆர் இரண்டும் சரியாக இருந்தால் மாட்டிவிடுங்கள்.

கிரீஸ் கை | திங்கள், காலை 6.20

நான் மதுரையில் 22 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கமிஷன் வாங்குபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கமிஷன் போய்விடுமே என்று நினைப்பவர் கூலியைக் கொஞ்சம் ஏற்றி அங்கேயே ஈடுகட்டிவிடுவார். வந்த வேலையையே திருப்பி அனுப்புகிறார் என்றால், நாளை அந்த வண்டி எங்காவது போய் இடித்தால் முதலில் தன் பெயர்தான் வரும் என்று பயந்திருக்கிறார். இப்படிப்பட்டவரை விட்டுவிடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் எல்லோரும் "ஒரிஜினல்", "டூப்ளிகேட்" என்று இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு குழப்புகிறார்கள். கார் நிறுவனம் எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. பிரேக்கை ஒருவர் செய்து தருவார், ஃபில்டரை இன்னொருவர். கார் நிறுவனத்தின் பெட்டியில் போட்டு வந்தால் அது கம்பெனி ஸ்பேர். அதைச் செய்தவரே தம் சொந்தப் பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்புவதும் உண்டு, விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூர் ரானே போன்றவர்கள் கார் நிறுவனங்களுக்கும் தருகிறார்கள், தம் பெயரில் கடைகளுக்கும் தருகிறார்கள். மூன்றாவது, கார் நிறுவனத்தோடு தொடர்பே இல்லாத வேறொருவர் தம் பெயரைத் தைரியமாகப் போட்டு விற்பது. அதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. இந்த மூன்றுமே போலி அல்ல. அடுத்தவன் பெயரை அச்சடித்துக்கொண்டு வருவதுதான் போலி. 1,040 ரூபாய்க்குப் பெயர் தெரிந்த ஒருவரின் சொந்தப் பெட்டிப் பேட் கிடைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கம்பெனிப் பெட்டி கிட்டத்தட்டப் பாதி விலைக்கு வந்ததுதான் உறுத்துகிறது.

பெட்டியை ஓரமாக வையுங்கள். இதில் ஆக எளிதாகப் போலி செய்யக்கூடியது பெட்டிதான். அச்சகம் போதும். பல நேரம் அதுகூடத் தேவையில்லை. பட்டறைகளிலிருந்து காலிப் பெட்டிகளைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கிப் போகிறார். அதில் சில மறுபடி நிரம்பிக்கொண்டு திரும்பி வருகின்றன. அப்படி வரும் பெட்டியில் ஹாலோகிராமும் அசல்தான், கியூஆரும் அசல்தான். அதனால்தான் நான் பாகத்தை எடுத்ததும் பெட்டியைக் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். ஹாலோகிராமின் மேல் ஒரு கத்திக் கீறல். நீங்களும் செய்யுங்கள்.

இன்று மாலை பட்டறையை மூடிய பிறகு, பேடில் எதைப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

வரவு செலவு | திங்கள், காலை 9.15

நான் காரைப் பற்றி ஒன்றும் அறியேன். பில்லைப் பற்றி அறிவேன். பில்லைத் திறந்து பார்த்தீர்களா? ஒரே ஆர்டர் என்பதால் ஒரே கடை என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான தளங்களில் ஒரு கூடையில் மூன்று நான்கு விற்பனையாளர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி பில் வரும். பேடுக்கான பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 இடங்கள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, டெல்லி 07. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அதை இட்டால் நிறுவனத்தின் சட்டப்பெயர், பதிவு செய்த தேதி, இப்போதைய நிலை எல்லாம் வரும். கட்டணம் கிடையாது, உள்நுழையவும் தேவையில்லை. இரண்டு நிமிட வேலை.

நான்காவது கியர் | திங்கள், காலை 9.50

ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் மட்டும் பேட் அசலாகிவிடுமா?

வரவு செலவு | திங்கள், காலை 10.02

ஆகாது. ஆனால் எண் தவறாக இருந்தால் அடுத்த கேள்வியே தேவைப்படாது.

கிரீஸ் கை | திங்கள், இரவு 8.45

சொன்னபடி எழுதுகிறேன். நான்கு பேட்களையும் மேசையில் வரிசையாக வையுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட் வேண்டாம்.

முதலில் இரும்புத் தகடு. அதன் விளிம்பை விரலால் தடவுங்கள். ஒழுங்கான அச்சில் வெட்டிய தகட்டின் விளிம்பு சீராக இருக்கும். பிசிறு குத்தினால், நான்கில் ஒன்றின் காது மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால், பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் அது சிக்கிக்கொள்ளும். சிக்கிய பேட் சக்கரத்தை விடாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சக்கரம் சூடேறும். உங்கள் மெக்கானிக் புரட்டிப் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். பல ஆயிரம் பேட் மாட்டிய விரலுக்கு இது உடனே தெரியும், ஆனால் வாயால் சொல்ல வராது.

அடுத்து தகடும், உரசிப் பிடிக்கும் பகுதியான லைனிங்கும் ஒட்டும் இடம். நகம் நுழையும் அளவுக்கு எங்காவது இடைவெளி தெரிகிறதா? பேடில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஓடும்போது லைனிங் பிய்ந்து விழுந்தால் அப்புறம் இரும்பும் இரும்பும்தான்.

பிறகு பேடின் பின்பக்கம் இருக்கும் மெல்லிய ஷிம் தகடு, தேய்ந்தால் கிரீச்சிட்டு எச்சரிக்கும் சிறு நாக்கு. கழற்றிய பழைய பேடில் அந்த நாக்கு எத்தனை பேடில், எந்தப் பக்கம் இருந்ததோ, புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும். பழைய பேடை எறிந்துவிடாதீர்கள் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதற்குத்தான். உங்களிடம் இருக்கும் நிச்சயமான அசல் அது ஒன்றுதான். 84,000 கிலோமீட்டரில் ஒரு முறை மாற்றியிருப்பீர்கள், அதுவும் சர்வீஸ் சென்டரில்தானே?

கடைசியாக, தகட்டிலோ லைனிங் ஓரத்திலோ அடித்திருக்கும் தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர். ஒரு பெட்டியில் இருக்கும் பேட்கள் பெரும்பாலும் ஒரே தொகுதியாக இருக்கும். ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் யாரோ அள்ளிப் போட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

பெயின்ட் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அசல் பேடிலும் பெயின்ட் திட்டுத் திட்டாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போலி பல நேரம் அசலைவிடப் பளபளப்பாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சோதித்துப் பார்க்கிறேன் என்று அரத்தை வைத்துத் தேய்க்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். மலிவுப் பேட்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

நான்காவது கியர் | திங்கள், இரவு 9.30

லைனிங் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் தரச்சான்று என்று படித்தேன். எஃப்எஃப் என்று இருந்தால் நல்லதாமே?

கிரீஸ் கை | திங்கள், இரவு 9.41

அது உராய்வுக் குறியீடு, அமெரிக்க முறை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கிறது, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்று சொல்லும். எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை. ஐரோப்பாவில் வேறு முறை, ஆர்90 என்ற விதிப்படி முத்திரை அடிக்கிறார்கள். இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் எழுத்தை அச்சடிக்க மை போதும் தம்பி. பிடிக்கும் லைனிங் செய்யத்தான் ஆலை வேண்டும்.

கொல்லிமலை 70 | செவ்வாய், காலை 7.10

இந்த "சூடேறிய பிறகு" என்ற சொல்லை நான் உடம்பால் அறிந்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையில் "கம்பெனி பேட்தான்மா" என்று சொல்லிக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் ஓட்டியபோதும் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே பிடித்தது. இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவு வாக்கில் கருகிய வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று என் கணவர் சொன்னார். முன்னால் லாரியே இல்லை.

பெடல் மிதித்தால் கெட்டியாகத்தான் இருந்தது. அதுதான் விசித்திரம். கல்லை மிதிப்பது போலக் கெட்டி, ஆனால் வண்டி நிற்கவில்லை. முதல் கியருக்கு இறக்கி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்து மண்ணில் ஒதுக்கி நிறுத்தினோம். பின் இருக்கையில் அம்மா. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது.

வீட்டுத் தெருவில் நாலு முறை பிரேக் அடித்துப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

கிரீஸ் கை | செவ்வாய், காலை 7.32

அம்மா, நீங்கள் செய்தது முழுக்கச் சரி. பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் லைனிங் சூட்டில் கைவிட்டுவிட்டது. பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது, அது வேறு கதை. உங்களுக்கு நடந்தது முதல் வகை.

பாஞ்சிகாவத்தை | செவ்வாய், பிற்பகல் 1.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தக் கதை கொஞ்சம் தலைகீழ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களையே இழுத்துப் பிடித்து ஓட வேண்டியிருந்தது. கொழும்பில் பாஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த பழைய உதிரிப்பாகங்கள் கிடைக்கும். எங்கள் கராஜ்காரர்களைக் கேட்டால், மினுமினுக்கும் புதுப் பெட்டியைவிட யப்பான் வாகனத்திலிருந்து கழற்றிய பழையதை நம்புவோம் என்பார்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் போன்றவற்றுக்கு அது சரி. பிரேக் பேடுக்கும் ஃபில்டருக்கும் அந்த வழி இல்லை. தேய்கிற சாமானைப் பழையதாக வாங்க ஏலாது. போலிக்காரருக்கும் அது தெரியும்போல, அடிக்கடி மாற்றுகிற சாமானாகப் பார்த்துத்தான் கை வைக்கிறார்கள்.

ஈரோட்டு மஞ்சள் | புதன், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலையாக இருக்கிறேன். வீட்டில் சாப்பாட்டு மேசை பட்டறையாகிவிட்டது.

பில்லைத் திறந்தேன். வரவு செலவு ஐயா சொன்னது போலவே மூன்று விற்பனையாளர்கள். ஆயில் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் ஒருவர், 33இல் தொடங்கும் எண். பிளக் இன்னொருவர். பேட் 07இல் தொடங்குகிறது. அதை இணையதளத்தில் இட்டேன். பதிவு ரத்தானது என்று வருகிறது.

பேடில் விளிம்பு எல்லாம் சீராகத்தான் தெரிகிறது, என் விரலுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் தொகுதி எண் இரண்டு பேடில் ஒன்று, மற்ற இரண்டில் வேறு. நாக்குத் தகடு பழையதில் உள்பக்கத்துப் பேடில் மட்டும் இருந்தது. புதியதில் நான்கிலும் இருக்கிறது.

இப்போது எனக்கு ஆயில் ஃபில்டர் மேல் சந்தேகம். அதில் விலை ஸ்டிக்கருக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பார்ட் நம்பரின் கடைசி இலக்கமும் என் பழைய ஃபில்டரில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. அதையும் திருப்பி அனுப்பிவிடட்டுமா?

கிரீஸ் கை | புதன், இரவு 10.48

பொறுங்கள். கடைசி இலக்கம் மாறியதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம். சிறு திருத்தம் செய்தால் பழைய எண்ணை நிறுத்திவிட்டு அடுத்த எண்ணைக் கொடுப்பார்கள். ஹூண்டாய் பெட்ரோல் வண்டிகளுக்கான ஆயில் ஃபில்டரில் 26300-35503 இருந்தது, பிறகு 35504, அதற்குப் பிறகு 35505. மூன்றும் ஒன்றின் வாரிசு ஒன்று. கம்பெனி ஸ்பேர் கவுன்டரில் பழைய எண்ணைச் சொன்னாலே கணினியில் புதிய எண்ணைக் காட்டிவிடும்.

ஃபில்டரைக் கவிழ்த்து, சுற்றி இருக்கும் சிறு துளைகள் வழியே பாருங்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம் துளைகளை மூடியிருக்கும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் முழுக்கக் கீழே இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். மெல்லிய குச்சியால் அழுத்தினால் வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும். போலியில் அது அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம், ஆயில் விளக்கும் அணையத் தாமதம்.

பிளக்குக்கும் ஒரு சோதனை. மல்டிமீட்டர் இருக்கிறதா? பிளக் எண்ணில் மின்தடை உள்ளது என்பதற்கான ஆர் எழுத்து இருந்தால், மேல் முனைக்கும் நடு மின்முனைக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கிலோ ஓம் காட்ட வேண்டும். மூன்றிலிருந்து ஏழு வரை பரவாயில்லை. பூஜ்யம் காட்டினாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ தூக்கி எறியுங்கள். இரிடியம் பிளக் என்றால் நுனியையும் பாருங்கள். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ் நுனி 0.6 மில்லிமீட்டர், டென்சோ இரிடியம் பவர் 0.4 மில்லிமீட்டர், ஊசி போலத்தான் இருக்கும். போலியில் சாதாரண நிக்கலைக் கூராக்கி வைத்திருப்பார்கள், தடிமனாகத் தெரியும். மரையில் இருக்கும் வாஷர் தானாகக் கழன்று கையில் விழுந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வரவு செலவு | வியாழன், காலை 8.30

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கரைப் பற்றி நான் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பே பெட்டியில் அடைத்த சரக்குக்குக் குறைந்த விலையைக் காட்டப் புது ஸ்டிக்கர் ஒட்ட அனுமதித்தார்கள். ஆகவே அந்த மாதத்துக்கு முன் அடைத்த பெட்டியில், அடியில் இருக்கும் பழைய விலை மறையாமல், மேலே குறைந்த விலையில் ஸ்டிக்கர் இருந்தால் அது இயல்பானதே. மேல் ஸ்டிக்கரில் விலை கூடியிருந்தால்தான் கேள்வி.

உங்கள் பேட் பெட்டியில் அடைத்த மாதம் என்ன?

ஈரோட்டு மஞ்சள் | வியாழன், காலை 8.41

டிசம்பர் 2025. விலை 1,920. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது.

வரவு செலவு | வியாழன், காலை 8.55

1,920ஐ 1.28ஆல் வகுத்தால் சரியாக 1,500. அதாவது இது பழைய வரியோடு கூட்டிய விலை போல இருக்கிறது. புதிய வரிப்படி 1,770 வர வேண்டும். நிறுவனம் நடுவில் விலையை ஏற்றியிருக்கவும் கூடும், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். கம்பெனி கவுன்டரில் அதே பார்ட் நம்பருக்கு இன்றைய விலை என்ன என்று கேட்டு வாருங்கள்.

ஈரோட்டு மஞ்சள் | சனி, மாலை 6.10

கேட்டு வந்தேன். 1,770.

அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் பழைய பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, மாதத்தை மட்டும் மாற்றி, விலையை மாற்ற மறந்திருக்கிறார்.

கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். தம் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஹாலோகிராமில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. கியூஆரை அவர் தம் கைப்பேசியில் ஸ்கேன் செய்தார். திறந்த பக்கத்தின் முகவரியைப் பெரிதாக்கிக் காட்டினார். நிறுவனத்தின் பெயருக்கு நடுவில் ஒரு சிறு கோடு, பின்னால் வேறொரு சொல். நான் பச்சை டிக்கைப் பார்த்தேனே தவிர மேலே முகவரியைப் பார்க்கவே இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் குறியீட்டைக் கொடுத்தாலும் பச்சை டிக் வரும் என்று சிரித்தார். வீட்டுக்கு வந்து என் பிறந்த தேதியை இட்டுப் பார்த்தேன். அசல் தயாரிப்பாம்.

ஆயில் ஃபில்டர் அசல், பழைய சரக்கு என்று சொன்னார். மேல் ஸ்டிக்கரில் விலை குறைவாகத்தான் இருக்கிறது. பிளக் நான்கும் 4.6 முதல் 5.2 வரை காட்டுகின்றன. சந்தேகப்பட்டவை எல்லாம் அசல். சுத்தமாக இருந்ததுதான் போலி.

நான்காவது கியர் | சனி, மாலை 6.35

சரி, என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மெக்கானிக்கிடமும் என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: கியூஆரையே நம்ப முடியாது என்றால் நிறுவனங்கள் அதை எதற்காக ஒட்டுகின்றன?

கிரீஸ் கை | சனி, இரவு 8.05

ஸ்கேன் செய்து அது கூட்டிப்போகும் இடத்துக்குப் போனால் திருடனிடமே வழி கேட்ட மாதிரி. நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், அல்லது அவர்களுடைய சொந்தச் செயலியில், அங்கே அந்த எண்ணை இடுங்கள். அப்போது கியூஆருக்கு மதிப்பு உண்டு. பேரிங்கில் எஸ்கேஎஃப் ஒரு செயலி வைத்திருக்கிறது. பேரிங்கையும் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பினால் அவர்கள் ஆட்களே பார்த்துப் பதில் சொல்வார்கள். ஷேஃப்ளர் நிறுவனத்திடமும் குறியீட்டைச் சரிபார்க்கும் செயலி இருக்கிறது.

கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். பையை ஊதவைக்கும் மலிவான மாற்று இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து உயிர்போனதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஜூலையில் எச்சரித்தது. பேடையாவது புரட்டிப் பார்க்கலாம். ஏர்பேக்கை எப்படிப் பார்ப்பீர்கள்?

அரை வக்கீல் | சனி, இரவு 9.20

பணத்தைத் திரும்பப் பெற வழி: 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் மின்வணிக விதிகளின்படி தளத்துக்கு ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருந்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை அரட்டையில் மன்றாடிக்கொண்டிருக்காமல் அந்த அலுவலருக்கு எழுதுங்கள். பிறகு 1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

போலி வணிகச் சின்னத்தோடு பொருள் விற்பது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அதைக் கார் நிறுவனம்தான் முன்னெடுக்கும். அவர்களுக்குப் படங்களோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ஈரோட்டு மஞ்சள் | பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு, இரவு 9.05

பணம் வந்துவிடும் போலிருக்கிறது. முதலில் ஏழு நாள் திருப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, ரத்தான ஜிஎஸ்டி எண்ணின் பக்கத்தையும் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் படத்தையும் இணைத்தேன். 1915இலும் பதிவு செய்தேன். ஒன்பதாம் நாள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பேடைத் திருப்பித் தர வேண்டும்.

இதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. திருப்பித் தந்தால் அது எங்கே போகும்? என்னிடமே வைத்துக்கொள்கிறேன், ஆதாரமாக வேண்டும் என்று எழுதினேன். அப்படியானால் பணம் தர முடியாது என்றார்கள். சுத்தியலால் உடைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன்.

அரை வக்கீல் | அதே நாள், இரவு 9.30

உடைக்காதீர்கள். சேதமான பொருள் என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள்.

கொல்லிமலை 70 | அதே நாள், இரவு 9.44

நான் அப்போது 900 ரூபாய் போனால் போகிறது என்று அந்தப் பேடைக் கிணற்றில் போட்டேன். ஆனால் அது என் பணம், என் கோபம். உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஈரோட்டு மஞ்சள் | மூன்று நாட்களுக்குப் பிறகு, காலை 7.50

கொடுத்துவிட்டேன். எடுத்துப்போக வந்த பையன் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தான், நான்கு இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிரேக் செய்பவரின் சொந்தப் பெட்டியில் ஒரு செட் பேட், பக்கத்துக் கடையில் 1,350க்கு வாங்கி எங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், மாட்டினார். பெட்டியைக் கிழித்தது நான்தான்.

கிரீஸ் கை | அதே நாள், காலை 8.15

திருப்பிக் கொடுத்ததில் ஏதாவது அடையாளம் வைத்தீர்களா?

ஈரோட்டு மஞ்சள் | அதே நாள், காலை 8.22

ஒரு பேடின் தகட்டில், ஷிம்முக்கு அடியில், ஆணியால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. வெளியே தெரியாது.

ஈரோட்டு மஞ்சள் | பத்து நாட்களுக்குப் பிறகு, இரவு 11.30

அதே தளத்தில் சும்மா தேடிப் பார்த்தேன். அதே படம், அதே 1,040 ரூபாய். விற்பனையாளர் பெயர் வேறு. கையிருப்பு ஒன்று மட்டும் என்று காட்டுகிறது. தளத்துக்கும் கார் நிறுவனத்துக்கும் மறுபடி எழுதியிருக்கிறேன். இதற்குள் யாராவது வாங்கியிருந்தால், மாட்டுவதற்கு முன் ஷிம்மை நெம்பிப் பாருங்கள்.